மழைக்கோட்டு மாசிலாமணியின் பிணம்

"ரோலிங்" என்று யாரோ கத்தியதும் வேதகிரி செத்துப்போனார். இத்தனை நாளில் அது பழகிவிட்டது. வாய் லேசாகத் திறந்துகொள்ளும், தாடை ஒரு பக்கமாகத் தொங்கும், வலது கை நாற்காலியின் பிடியிலிருந்து வழுக்கி வெளியே நிற்கும், மூச்சு மட்டும் அடிவயிற்றில் ஓர் ஓரமாக, மாமியார் வீட்டில் முதல் நாள் காலையில் நடமாடும் மாப்பிள்ளையைப்போலச் சத்தம் காட்டாமல் போய்வரும். கண்ணைப் பற்றிக் கவலையில்லை. கதைப்படி அவர் முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதற்குப் பின்னால் அவர் விழித்திருக்கலாம், சிமிட்டலாம், அழக்கூடச் செய்யலாம், ஒரு பயலுக்கும் தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அறை முழுக்கக் கருங்காப்பி நிறத்தில் இருந்தது. ஜன்னலில் பட்டை பட்டையாகத் திரை, அதன் இடுக்குகளில் வரிவரியாக வெளிச்சம், அதற்கு அப்பால் ராத்திரி, அந்த ராத்திரியில் விடாத மழை. ராத்திரியும் பொய், மழையும் பொய். வெளியே காலை டிபன் செரித்தும் செரிக்காத நேரம், கத்திரி வெயில். பங்களாவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, லாரியிலிருந்து குழாய் போட்டு ஜன்னல்மேல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் ஜனங்கள் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடுகிற மாதத்தில் ஒரு துப்பறியும் படத்துக்காக லாரி லாரியாக மழை. இதெல்லாம் பொய் என்று வேதகிரிக்குத் தெரியும். ஆனால் சட்டைப் பித்தானுக்கு நேர் பின்னால், நெஞ்சின் நடுவில், யாரோ உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவதுபோல இருந்ததே, அது பொய்யா நிஜமா என்று மட்டும் தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. பயந்தால் மூச்சு பெரிதாக வரும், மூச்சு பெரிதாக வந்தால் மார்பு ஏறி இறங்கும், பிணத்தின் மார்பு ஏறி இறங்கக் கூடாது. ஆகையால் பயத்தையும் அடிவயிற்றிலேயே ஓர் ஓரமாக வைத்துக்கொண்டார்.

அசையக் கூடாது. படத்தின் கடைசிக் காட்சி, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்கிறார்கள். 'மழைக்கோட்டு மாசிலாமணி' என்பது படத்தின் பெயர். மாசிலாமணி கோடம்பாக்கத்தில் மாப்பிள்ளை விசாரித்துச் சொல்கிற துப்பறிவாளன். பையன் குடிப்பானா, வேறு எங்கேயாவது தொடுப்பு உண்டா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று பார்த்துப் பெண் வீட்டாருக்குச் சொல்கிற உத்தியோகம். ஆனால் அவன் நினைப்பில் அவன் ஏதோ மழை பெய்கிற தூரதேசத்தில் இருக்கிறான். மண்டை பிளக்கிற வெயிலிலும் மழைக்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தன் கதையைத் தனக்கே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு திரிவான். 'இந்த ஊர் தூங்காது. தூங்கினாலும் குறட்டை விடும்' என்கிற தினுசில். அப்படிப்பட்டவன் அறையில் ஒருநாள், மகளுக்குப் பார்த்த வரனை விசாரிக்கச் சொல்ல வந்த பாத்திரக்கடைப் பரமசிவம் உட்கார்ந்த நாற்காலியிலேயே செத்துக்கிடக்கிறார். கொலைக்கு ஏங்கிக் கிடந்தவன் கொலை என்று வந்ததும் நடுநடுங்கிப் போகிறான். போலீசுக்குப் போனால் பழி தன்மேல் விழும் என்று, பிணத்துக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, கொலைகாரனை நானே பிடிக்கிறேன் என்று ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு அலைகிறான். சலூன், டவுன் பஸ், கல்யாணப் பந்தி. பந்தியில் பிணத்துக்கு இலை போட்டு, "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று சாம்பார்கூட ஊற்றுகிறார்கள். ஒருத்தருக்கும் தெரிவதில்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிற மனுஷர் என்று எல்லோருக்கும் பரமசிவத்தைப் பிடித்துப்போகிறது. இந்த மாதிரிப் படத்தில் சிகரெட் புகையோடு வரவேண்டிய சிவப்புப் புடவைக்காரி இதில் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டு வருகிறாள், ஏனென்றால் சிகரெட்டைக் காட்டினால் திரையின் மூலையில் எச்சரிக்கை போட வேண்டும், அது அவள் வருகிற அழகைக் கெடுத்துவிடும். அந்தப் பரமசிவம்தான் வேதகிரி. படம் முழுக்க வருகிறார், ஹீரோவைவிட அதிகமாகவே வருகிறார், ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

அதில் அவருக்கு வருத்தமில்லை. இதற்கு முன்னால் அவர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தவர். நாடகக் கம்பெனி கலைந்து சினிமாவுக்கு வந்த நாளாக, கதாநாயகனின் காலஞ்சென்ற அப்பா என்றால் வேதகிரியின் முகம்தான். ஒரு போட்டோ எடுத்து, மாலை போட்டு, மேலே சின்ன சிவப்பு பல்பு எரியவிட்டால் அவர் வேலை முடிந்தது. கதாநாயகன் அதைப் பார்த்துச் சபதம் எடுப்பான், கதாநாயகி அதைப் பார்த்து ஆசீர்வாதம் வாங்குவாள். தெருவில் பார்க்கிறவர்கள், உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்று நின்றால், எங்கேயாவது சுவத்துல பாத்திருப்பீங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். இந்தப் படத்தில்தான் சுவரை விட்டு இறங்கி நாற்காலிக்கு வந்திருக்கிறார். டைரக்டர் நிவேதிதாவுக்கு, அவருக்கொரு மகள் இருந்திருந்தால் என்ன வயதோ, அந்த வயது. வீட்டுக்கே வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னாள். "பிணமா நடிக்க ஆயிரம் பேர் இருக்காங்க சார். சும்மா இருக்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை வேதகிரி பல நாள் பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் சம்சாரம் கனகத்துக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாள்ல வந்து நல்ல சேதி சொல்லுதே பொண்ணு" என்று சமையலறைக்குள் முனகினாள். இன்றைக்கு இந்தக் காட்சி ஏற்கெனவே இரண்டு தடவை கெட்டுப்போயிற்று. முதல் தடவை சிவப்புப் புடவைக்காரியின் குச்சி ஐஸ் உருகிக் கீழே விழுந்தது, இரண்டாவது தடவை ஹீரோ ரிஷி முடிவில் வசனத்தைக் குழப்பினான். இன்று மாலை ரிஷி ஹைதராபாத் போகிறான், ஏதோ சரித்திரப் படத்துக்குத் தாடி வளர்க்க. நாளைக்கு இந்தப் பங்களாவை இடிக்க வருகிறார்கள். "இது போச்சுன்னா படமே போச்சு" என்று நிவேதிதா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். "என்ன நடந்தாலும் நிறுத்தாதீங்க. கூரை இடிஞ்சு விழுந்தாலும் நடிச்சுக்கிட்டே இருங்க." அப்படிச் சொல்லும்போது அவள் பார்வை வேதகிரிமேல் வரவேயில்லை. அவர் கெடுக்கமாட்டார் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

உள்ளங்கை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. வாயு என்று சொல்லிக்கொண்டார். காலையில் தின்ற பொங்கல். பொங்கலில் மிதந்த நெய். பொங்கல் தின்றால் எல்லோருக்கும்தான் நெஞ்சு கரிக்கும், அதற்காக எல்லோருமா சாகிறார்கள். ஆனால் இது நேற்றே இருந்தது. நேற்று பொங்கல் இல்லை. நேற்று என்றதும் அவருக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து முதுகு சில்லிட்டது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று தள்ளினார், தள்ளத் தள்ள அது முன்னால் வந்து நின்றது. சினிமாவில் செத்தவன் எழுந்து சிரிக்க வேண்டும். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் அது. பாடையில் படுத்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பான், காமிராமேன் அதையும் கொஞ்சம் ஓடவிட்டுப் பதிவு செய்வார், அப்போதுதான் அந்தச் சாவு காமிராவோடு போகும், வீட்டுக்குக் கூட வராது. சாமி இல்லை பூதம் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களும் இதில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள். மாலை போட்ட போட்டோவுக்கும் அதே முறைதான். வேதகிரி இத்தனை வருஷத்தில் ஒரு சாவுக்கும் சிரிக்காமல் வீடு திரும்பியதில்லை. நிவேதிதாதான், "தினமும் எதுக்கு சார், கடைசி நாள்ல மொத்தமா ஒரு சிரிப்பு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். "மொத்தமா வாங்க இது என்ன மளிகைச் சாமானா?" என்று மேக்கப் போடுகிற முனிரத்தினம் அவர் காதில் முணுமுணுத்தான். அதனால் வேதகிரி ஒரு வழி பண்ணினார். தினமும் பேக்கப் ஆனதும், காமிராவுக்கு நன்றி சொல்கிற பாவனையில் அதன் முன்னால் போய் நின்று, யாரும் பார்க்காதபோது ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தார். ஓடாத காமிராதான், இருந்தாலும் காமிரா. நேற்றும் சிரித்தார், நேற்று நன்றாகவே சிரித்தார், கடைவாய்ப் பல் தெரிய. சிரித்து முடித்துத் திரும்பினால் காமிரா உதவியாளன் பின்னால் நிற்கிறான். "என்ன ஐயா, மூடி வெச்ச லைட்டைப் பாத்து இளிச்சிக்கிட்டு இருக்கீங்க? காமிரா அப்பவே வேன்ல ஏறிடுச்சே." கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்துபோயிருந்தார். துணி போர்த்தி நின்ற ஒரு விளக்கைக் காமிரா என்று நினைத்துச் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது, நேற்றைய சாவு நேற்றைய சாவாகவே இருக்கிறது, யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்று. அதற்கப்புறம்தான் நெஞ்சில் இது வந்தது.

முட்டாள்தனம். படித்த மனுஷன் நினைக்கிற நினைப்பா இது. அவர் எட்டாவதோடு நிறுத்தியவர், ஆகையால் நினைக்கலாம். கனகம் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்து, "இன்னாங்க, ஒரு எட்டு டாக்டராண்ட காட்டிட்டுப் போங்களேன்" என்றாள், நாளைக்குப் படம் முடிகிறது, நாளைக்கு மறுநாள் போகலாம் என்று படுத்துக்கொண்டார். யூனிட்டில் சொல்லவில்லை. சொன்னால் நிவேதிதா நல்ல பெண், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள், அனுப்பிவிட்டு அந்த ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து உட்கார வைப்பாள். மாடிப்படியில் உருட்டுகிற காட்சிக்காக அவரைப்போலவே ஒரு பொம்மை செய்திருந்தார்கள். அதே தொப்பி, அதே தொங்கிய தாடை, காதோரத்து மருகூட விடவில்லை. இப்போதும் பக்கத்து அறையில் ஒரு ஸ்டூலில் சாய்ந்திருக்கிறது. டீ கொண்டுவருகிற ஆள் இரண்டு நாள் முன்பு அதனிடம், "ஐயா, டீ" என்று நீட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், வேதகிரியும் சிரித்தார், அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அப்பா ஞாபகத்தில் வந்தார். அப்பா பெரம்பூரில் மில்லில் இருந்தவர், ஒருநாள் வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி பஸ் போயிற்று. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுந்து போனார், இன்னொருவர் உட்கார்ந்தார், ஒரு பெண்பிள்ளை மடியில் குழந்தையோடு உட்கார்ந்து, அந்தக் குழந்தை அப்பாவின் தோளில் கை வைத்து விளையாடியதாம். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர், பெரியவரே எழுந்திருங்க என்று தட்டியபோதுதான் தெரிந்தது. களைச்சிப்போய்த் தூங்கறாருன்னு நெனச்சேன் தம்பி, என்று அந்தக் கண்டக்டர் அழுதான். வேதகிரிக்கு அப்போது மீசை முளைத்திருக்கவில்லை. எந்த இடத்தில் செத்தார் என்று கேட்டதற்கு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நிறுத்தத்தின் பெயர்கூட இல்லாத சாவு. அப்பா யாரையாவது கூப்பிட்டிருப்பாரா, கூப்பிட்டு அது எஞ்சின் சத்தத்தில் போயிருக்குமா என்று அவர் பல வருஷம் யோசித்திருக்கிறார். பஸ்ஸில் இன்றும் ஜன்னலோரம் உட்காரமாட்டார்.

சிவப்புப் புடவைக்காரி அவரைக் கடந்து போனாள், இந்தத் தடவை ஐஸ் விழவில்லை. ரிஷியின் பூட்ஸ் சத்தம் மரத் தரையில் வந்தது. சந்தேகத்துக்கு உரியவர்களையெல்லாம் ஓர் அறையில் நிறுத்திவைத்துத் துப்பறிவாளன் உண்மையைச் சொல்கிற கட்டம். மாப்பிள்ளைப் பையன், இன்ஸ்பெக்டர், சிவப்புப் புடவைக்காரி எல்லோரும் வரிசையாக நிற்க, நடுவில் நாற்காலியில் மழையில் நனைந்த பரமசிவம். நனைந்த என்றால் நிஜமாகவே நனைத்திருந்தார்கள், தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "கொலைகாரன் இந்த ரூம்லதான் இருக்கான்" என்றான் ரிஷி. நல்ல பையன். ஒவ்வொருவரையாக நெருங்கி, ஒவ்வொருவரையாக விட்டுவிட்டு, கடைசியில் ஜன்னலுக்குப் போய் நின்று முதுகைக் காட்டியபடி சொல்ல வேண்டும்: இந்த ஆளை யாரும் கொல்லல. அன்னைக்கு இவர் என் எதிர்ல வந்து உக்காந்தார். முதல்ல இடது தோள்ல ஒரு பாரம் இறங்குச்சு. அப்புறம் தாடை இறுகுச்சு. அப்புறம் வேர்த்துச்சு. 'தம்பி, நெஞ்சு வலிக்குது'ன்னு சொன்னார். நான் ஜன்னலைப் பாத்து எனக்கு நானே வசனம் பேசிக்கிட்டிருந்தேன், மழையில கேக்கல. அதுதான் படத்தின் முடிச்சு. இத்தனை துப்பும் இத்தனை ஓட்டமும் கடைசியில் இதற்குத்தான், எதிரே இருந்தவன் சொன்னதைக் கேட்காததற்கு. முதன்முதலில் கேட்டபோது வேதகிரி விழுந்து விழுந்து சிரித்தார். இன்று காலை ஒத்திகையிலும் இரண்டாவது டேக்கிலும் சிரிப்பு வரவில்லை. ரிஷி 'தோள்' என்றதும் தோளில் பாரம் இறங்கியது. 'தாடை' என்றதும் தாடை இறுகியது. 'வேர்த்துச்சு' என்றதும் குப்பென்று வேர்த்தது. பயந்துபோனார், ஆனால் அதில் ஒரு சமாதானமும் இருந்தது. வசனம் சொல்லச் சொல்ல வருகிறதென்றால் அது வியாதி இல்லை, நடிப்பு. உடம்பே வசனம் கேட்டு நடிக்கிறது, அந்தளவுக்கு ஊறிப்போன கலைஞன் நான், என்று கொஞ்சம் கர்வம்கூடப் பட்டுக்கொண்டார். வசனம் முடிந்ததும் வலியும் போய்விட்டது. அதைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வசனம் வரும், வலி வரும், வசனம் போகும், வலி போகும்.

"இந்த ஆளை யாரும் கொல்லல" என்றான் ரிஷி ஜன்னலைப் பார்த்து. குரல் உடைந்து, நிஜமாகவே நன்றாக இருந்தது. வேதகிரி தோளைத் தயாராக வைத்துக்கொண்டார். "அன்னைக்கு இவர் என் எதிர்ல வந்து உக்காந்தார்." இப்போது வரும். "நான் ஜன்னலைப் பாத்து எனக்கு நானே வசனம் பேசிக்கிட்டிருந்தேன்" என்றான் ரிஷி. விட்டுவிட்டான். தோளையும் தாடையையும் வேர்வையையும் மொத்தமாகத் தாண்டிக் குதித்துவிட்டான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தால், மூலையில் வசனத் தாளோடு நின்ற உதவி இயக்குநர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார், ஆனால் மானிட்டர் திரைக்கு முன் குனிந்திருந்த நிவேதிதா நிறுத்தவில்லை, பையன் அவ்வளவு நன்றாகச் செய்துகொண்டிருந்தான். சொல்லாத வசனத்துக்கு வேதகிரியின் இடது தோளில் பாரம் இறங்கியது. மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி, மெதுவாக, முழு எடையோடு. அவர் காத்திருந்தார். யாரும் தாடை என்று சொல்லவில்லை. தாடை இறுகியது. யாரும் சொல்லாமலே வேர்த்தது, தொப்பிக்குள், கழுத்தில், தொடை இடுக்கில், மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது, எது மழை எது வேர்வை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியானால் இது நிஜம். வேதகிரி தன் வாழ்நாளில் எதைக் கண்டும் இப்படிப் பயந்ததில்லை. சொல்லிவிட வேண்டும். சொன்னால் டேக் போகும். டேக் போனால் படம் போகும், அந்தப் பெண் கைகூப்பியது போகும், சும்மா இருக்கத் தெரிஞ்சவர் என்றது போகும். இன்னும் கொஞ்சம்தான், ரிஷி முழங்கால் போட்டு அழுதால் முடிந்தது. அதுவரை தாங்காதா. தாங்கும். தாங்கவில்லையென்றால். இதே வாய், இதே கை, இதே கண்ணாடி. செத்துப்போனால் ஒரு அடையாளமும் மாறாதே. எல்லோரும் கைதட்டிவிட்டு சாப்பாட்டுக்குப் போவார்கள், பிரமாதம் சார் என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள், அவர் இங்கேயே உட்கார்ந்திருப்பார், எந்த வார்த்தையின்போது செத்தார் என்றுகூட ஒருவராலும் சொல்ல முடியாது. கனகத்துக்கு யார் போன் பண்ணுவார்கள். அவள் கேட்டால் என்ன சொல்வார்கள். நடிச்சுக்கிட்டுதாம்மா இருந்தார் என்பார்கள்.

வாயைத் திறந்தார், அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. மேடம் என்று கூப்பிட நினைத்தார், காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றபோது நாக்கு, காலையிலிருந்து கேட்டுக்கேட்டுத் தேய்ந்த தடத்திலேயே போய் விழுந்தது. "தம்பி" என்றார் வேதகிரி. "நெஞ்சு வலிக்குது." அறை அப்படியே நின்றது. ரிஷி திரும்பினான். அவன் கண் விரிந்தது, பிறகு நிறைந்தது, அதில் பயம் இல்லை, நன்றி இருந்தது. தான் விட்ட வசனத்தைப் பிணமே எடுத்துக் கொடுத்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நாடகத்தில் ஊறியவர்களுக்கு இது சகஜம், ராஜா மறந்ததைச் சேவகன் சொல்லி ஒப்பேற்றுவான். வேதகிரி இதில் பேர்போனவர், அவரே அந்தக் கதைகளை எல்லோருக்கும் சாப்பாட்டு வேளையில் சொல்லியிருக்கிறார். நிவேதிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, உதவி இயக்குநர் காற்றில் முஷ்டியை உயர்த்தினார். "சொன்னீங்க" என்று ரிஷி நடந்து வந்தான், எழுதாத வசனம், அவனாகவே பேசினான். "இதேதான் சொன்னீங்க. நான்தான் கேக்கல." வந்து முழங்காலில் விழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சில்லிட்டுப்போன கை என்பது அவனுக்குத் தெரியவே இல்லை, அல்லது நனைந்த கை என்று நினைத்தான். "வலிக்குது" என்றார் வேதகிரி மறுபடியும். "நெசமா வலிக்குது." ரிஷி இன்னும் சத்தமாக அழுதான். எவ்வளவுக்கு எவ்வளவு அவர் கெஞ்சினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு காட்சி நன்றாக வந்தது. அந்த வார்த்தைகளையெல்லாம் அந்தப் பெண் எழுதி எடுத்துக்கொண்டுவிட்டாள். நிஜமாக வலிக்கிறவனுக்கு என்று ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவில்லை. ஐயோ என்றால் நடிப்பு. டாக்டர் என்றால் நடிப்பு. கனகம் என்று கத்தினால் பரமசிவத்தின் மனைவி பெயர் கனகம் என்று வைத்துக்கொள்வார்கள். கீழே விழுந்தால் இன்னும் விசேஷம். மாசிலாமணியின் ஊரில் எதைச் சொன்னாலும் அது மாசிலாமணியின் கதையாகிவிடுகிறது, அந்தக் கதைக்கு வெளியே கேட்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும், ஒரே ஒரு சொல், அவர் தோளிலிருந்த பாரம் இப்போது கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது, அந்தச் சொல் என்ன, அந்தச் சொல் என்ன என்று வேதகிரி பயத்தில் இருட்டு முழுக்கத் துழாவினார்.

"கட்" என்றார் வேதகிரி. எங்கிருந்து அவ்வளவு மூச்சு வந்தது என்று தெரியவில்லை, மழையைத் தாண்டிக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்தேயிராத சொல், எந்த நடிகனும் சொல்லத் துணியாத சொல். அதை யார் சொன்னது என்று பார்க்க ஒருவரும் நிற்கவில்லை, அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கைகளுக்குத் தெரியும். லாரிக்காரன் குழாயை மூடினான், மழை நின்றது. மழையைச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்த பெரிய காற்றாடி நின்றது. பளீரென்று பெரிய விளக்குகள் எரிந்தன. ரிஷி அழுகையை நடுவில் விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், ஜன்னலில் யாரோ கறுப்புத் துணியை விலக்க, கத்திரி வெயில் அப்படியே உள்ளே வந்து விழுந்தது. "யாரு கட் சொன்னது?" என்றாள் நிவேதிதா. இன்னும் கொஞ்சத்தில் கத்தப்போகிறாள் அல்லது அழப்போகிறாள். ஒரு கணம் வேதகிரிக்கு வலியைக் காட்டிலும் அவளைக் கண்டுதான் அதிகம் பயமாக இருந்தது, பேசாமல் மறுபடியும் செத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். "நான்தாம்மா" என்றார். மேடம் என்று சொல்ல மறந்துபோயிற்று. "ஏன் சார்? ஏன் சார் சொன்னீங்க, எவ்ளோ அழகா..." அவள் பக்கத்தில் வந்துவிட்டாள். "நெஞ்சு வலிக்குது" என்றார். அதே வார்த்தைகள்தான், கொஞ்சமும் கூட்டிக் குறைக்கவில்லை. நிவேதிதா அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். கருங்காப்பி நிறம் போய் அவள் முகம் அதன் சொந்த நிறத்தில் தெரிந்தது, உதடு வெளுத்திருந்தது. பின்னால் யாரோ காரை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள், ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ அவர் காலரைத் தளர்த்தினார்கள். அவள் நகரவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்துபோயிருந்தாள், நன்றாகவே பயந்துபோயிருந்தாள். அதைப் பார்த்ததும் வேதகிரிக்கு, அன்று காலையிலிருந்து முதன்முறையாக, கொஞ்சம் பயம் குறைந்தது.